யார் இந்த ஹன்சா மேத்தா? ஐ.நா.வில் ஒரு சொல்லை மாற்றியவர்... பரோடா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்!

குஜராத்தின் பரோடா நகரில் இருக்கும் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் மைய நூலகத்துக்கு ஒரு பெண்ணின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. ஹன்சா மேத்தா. 1949ல் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தர் இவர்தான். ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் ஓர் இந்தியப் பல்கலைக்கழகத்துக்குப் பெண் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை.

பெண் என்பதற்காகத் தனிச் சலுகையும் வேண்டாம், தனித் தடையும் வேண்டாம். அவரோட மொத்த வாழ்க்கையையும் இந்த ஒரு வரியில் சொல்லிடலாம். எப்படி? பார்க்கலாம் வாங்க.

திவான் வீட்டுப் பெண்

1897 ஜூலை 3ஆம் தேதி சூரத்தில் பிறந்தார் ஹன்சா. அப்பா மனுபாய் மேத்தா பரோடா சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். தாத்தா நந்தசங்கர் மேத்தா, குஜராத்தி மொழியின் முதல் நாவலான 'கரண் கேலோ'வை எழுதியவர். ஆக, படிப்புக்குக் குறைவில்லாத வீடு.

ஊரும் அப்படித்தான். பரோடாவை ஆண்ட மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட், 1906லேயே ஆரம்பக் கல்வியைக் கட்டாயம் ஆக்கியவர். பெண் குழந்தைகளுக்கும் சேர்த்து! அந்த ஊரில் வளர்ந்த ஹன்சா, பரோடா கல்லூரியில் தத்துவம் படித்து 1918ல் பட்டம் வாங்கினார். அடுத்து இதழியலும் சமூகவியலும் படிக்க இங்கிலாந்துக்குப் போனார். அங்கே கிடைத்த சரோஜினி நாயுடுவின் நட்பு, அவரைப் பெண்கள் இயக்கத்துக்குள் கொண்டுவந்தது.

எதிர்ப்பை மீறிய கல்யாணம்

ஊர் திரும்பிய ஹன்சா, டாக்டர் ஜீவராஜ் மேத்தாவைத் திருமணம் செய்ய முடிவெடுத்தார். ஹன்சா நாகர் பிராமணர். ஜீவராஜ் வேறு சாதி. திவான் மகளாகவே இருந்தாலும் சாதி சும்மா விடுமா? சொந்தச் சமூகத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் மன்னர் சாயாஜிராவ் இந்தக் கல்யாணத்துக்குத் துணை நின்றார். 1960ல் குஜராத் மாநிலம் உருவானபோது அதன் முதல் முதலமைச்சர் ஆனவர் இந்த ஜீவராஜ்தான்.

மறியல், சிறை, தேர்தல்

1930ல் உப்புச் சத்தியாகிரகக் காலம். பம்பாயில் அந்நியத் துணிக்கடைகள் முன்பும் சாராயக் கடைகள் முன்பும் பெண்களைத் திரட்டி மறியல் செய்தார் ஹன்சா. கைதானார். 1932ல் மறுபடியும் சிறை.

1937ல் பம்பாய் சட்ட மேலவைத் தேர்தல் வந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்றிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொது இடத்தில் நின்றார். ஜெயித்தார். கல்வித் துறையில் நாடாளுமன்றச் செயலாளர் பொறுப்பும் கிடைத்தது.

அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் இவரும் ஒருவர். சென்னை மாகாணத்தில் இருந்து போன அம்மு சுவாமிநாதனும் அந்த 15 பேரில் உண்டு. அங்கேயும் ஹன்சா இதையேதான் பேசினார். பெண்கள் கேட்பது ஒதுக்கீட்டை இல்லை, சமூக, பொருளாதார, அரசியல் நீதியை என்பது அவர் வாதம். இது சரியா என்ற விவாதம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவர் தன் நிலையில் இருந்து கடைசி வரை மாறவில்லை. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், இந்தியப் பெண்கள் சார்பாகத் தேசியக் கொடியைச் சபையில் வழங்கியவரும் இவர்தான்.

ஒரே ஒரு சொல்

அதே சமயத்தில் ஐ.நா.வின் மனித உரிமை ஆணையத்திலும் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தார். 18 நாடுகளின் பிரதிநிதிகளில் பெண்கள் இரண்டே பேர். ஒருவர் தலைவர் எலினார் ரூஸ்வெல்ட், இன்னொருவர் ஹன்சா.

உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவை எழுதியபோது, ஆங்கில வரைவில் 'மென்' என்ற சொல் இருந்தது. ஆண்கள் என்றும் பொருள், மனிதர்கள் என்றும் பொருள். அதில் பெண்களும் அடக்கம்தானே என்று பலர் நினைத்தார்கள். ஹன்சா விடவில்லை. நாளைக்கு ஏதாவது ஒரு நாடு, இது ஆண்களுக்கு மட்டும்தான் என்று சொன்னால் என்ன செய்வது? கடைசியில் அந்த இடத்தில் 'ஹியூமன் பீயிங்ஸ்' என்று மாறியது. 1948 டிசம்பர் 10ஆம் தேதி அப்படியே ஏற்கப்பட்டது.

துணைவேந்தர் நாற்காலி

பம்பாயில் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்துக்கு 1946லேயே துணைவேந்தர் ஆகியிருந்தார் ஹன்சா. அது பெண்களுக்கான இடம். பரோடாவில் கதை வேறு.

1949 ஏப்ரல் 30ஆம் தேதி பரோடா பல்கலைக்கழகம் பிறந்தது. மறுநாள் மே 1ஆம் தேதி பரோடா சமஸ்தானமே பம்பாய் மாகாணத்தோடு இணைந்துவிட்டது. மன்னர் ஆட்சியின் கடைசி நாளில் பிறந்த பல்கலைக்கழகத்தைப் புதிய ஆட்சியில் நிலைநிறுத்த வேண்டும். ஊரில் ஏற்கெனவே இருந்த கல்லூரிகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவரவும் வேண்டும். இந்த வேலை ஹன்சா கையில் வந்தது.

1958 வரை, கிட்டத்தட்ட 9 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். சமூகப்பணி, மனையியல், நுண்கலை என்று புதுப் புலங்கள் வந்தன. ஓவியமும் சிற்பமும் கற்றவர்களுக்கு டிப்ளமோ போதும் என்றிருந்த காலத்தில், 1950ல் தொடங்கிய நுண்கலைப் புலம் அவற்றைப் பட்டப்படிப்பாகவே கற்றுக்கொடுத்தது. ஓவியர் குலாம் முகமது ஷேக் அங்கே படித்தவர். கே.ஜி.சுப்ரமணியன் அங்கே பாடம் நடத்தியவர். இந்தியக் கலை வரலாற்றில் 'பரோடா' என்ற பெயர் தனியாக நிற்பதற்கான விதை அன்று போட்டதுதான்.

பொண்ணுக்கு ஒரு பாடம், பையனுக்கு ஒரு பாடமா?

பதவி முடிந்த பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1959ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் ஒரு முக்கியமான கேள்வி அவரிடம் வந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பாடத்திட்டம் வேறு வேறாக இருக்க வேண்டுமா? இதை ஆராய்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். பால் வேறுபாட்டை வைத்துப் பாடங்களைப் பிரிக்கக் கூடாது என்பது அந்தக் குழு சொன்ன பதில்.

இத்தனைக்கும் நடுவில் எழுத்தையும் விடவில்லை. குழந்தைகளுக்காகக் குஜராத்தியில் புத்தகங்கள் எழுதினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் வால்மீகி ராமாயணத்தின் சில காண்டங்களையும் மொழிபெயர்த்தார். 1995 ஏப்ரல் 4ஆம் தேதி, 97 வயதில் காலமானார்.

வசதியான வீட்டில் பிறந்ததால் அவருக்குச் சில கதவுகள் சீக்கிரம் திறந்தன. அது உண்மைதான். ஆனால் உள்ளே போனவர், பின்னால் வருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்தார். இன்று எந்த நாட்டில் மனித உரிமைப் பிரகடனத்தைப் புரட்டினாலும், முதல் பிரிவிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அதற்காக அன்று விடாமல் பேசியவர் சூரத்தில் பிறந்த ஒரு பெண் என்பதுதான் பலருக்குத் தெரியாது.