டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

மருந்துவாழ் மலையின் நிழலில் வாழும் நாஞ்சில் நாட்டார்க்கு இலைகளின் மருந்துக்குணம் புதிதன்று. வேம்பும் துளசியும் குப்பைமேனியும் நம் முற்றத்து மருந்துகளாம். இக்காலத்தே ஆய்வுக்கூடங்களில் அவ்விலைச் சாற்றைக் காகித வில்லைகளில் ஊட்டி, நோய்க்கிருமிகள் பரப்பிய அகார்த் தட்டில் வைத்து, ஓரிரவு கழிந்தபின் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தோன்றுகின்றதா என நோக்குகின்றனர். வட்டம் தோன்றிய மாத்திரத்தில் இலை மருந்தாகிவிடாது; அது நஞ்சற்றதென்பதும், உடலினுள்ளும் செயற்படுமென்பதும் தெளியப்படல் வேண்டும். நம்பிக்கையினின்றும் தெளிவுக்குச் செல்லும் இந்நெடுவழியில் வாழ்நாள் முழுதும் நடந்த ஒருவர் சரிதையை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அந்நாளைச் சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றார். காந்தியடிகள் வழிநின்று கதருடுத்தமையால் ஆசிரியரொருவரின் வெறுப்புக்காளாகி, எம்.பி.பி.எஸ். பட்டமின்றி, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பெற்றார் என்பர். அவர்தம் உடன்பிறந்தார் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோயால் அடுத்தடுத்து மாண்டனர். அத்துயரம் அவர் நெஞ்சை விட்டகலவில்லை.

சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்த அவர், மனைவியைப் பிரிந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகர் சேர்ந்தார். மருத்துவமனையொன்றில் எளிய பணி புரிந்துகொண்டே ஹார்வர்டிற் பயின்றார். ஃபிஸ்க் என்பாருடன் கூடி, குருதியிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். எனினும் அங்கு நிலைத்த பதவி வாய்க்காமையால், 1940-இல் லெடர்லி ஆய்வுச்சாலையை அடைந்தார்.

1941-இல் டெக்ஸாஸ் அறிஞர் சிலர் கீரையினின்று ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டிருந்தனர். அதனைச் சுப்பாராவின் குழுவினர் 1945-இல் செயற்கையாய் ஆக்கினர். அவ்வாய்வுச்சாலையிலேயே டக்கர் என்னும் முதியவர், மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றினின்று ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைக் கண்டார். அது 1948-இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரஸான் மருந்தும் சுப்பாராவின் மேற்பார்வையில் பிறந்ததே.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53-ஆம் வயதில், தாய்நாட்டை மீண்டும் காணாமலே அவர் மறைந்தார். இன்று ஸ்புரூ நோய்க்கு ஃபோலிக் அமிலமும், ஆரியோமைசின் இனத்ததாகிய டெட்ராசைக்கிளினும் அளிக்கப்படுகின்றன. உடன்பிறந்தாரை அவர் காக்கவியலவில்லை. அந்நோயுற்ற பிறரோ அவ்வாய்வுகளால் உயிர் பிழைக்கின்றனர்.

அவர் வேண்டிய மருந்துகளுள் ஒன்று இலையிலும் மற்றொன்று மண்ணிலும் கிடைத்தன. எங்குக் கிடைக்குமென முன்னரே துணிந்துகொள்ளாது, சோதனை காட்டிய வழியே சென்றார். முற்றத்து வேம்பைத் தட்டிலிட்டு நோக்கும் மாணவராகிய நாமும், வட்டம் தோன்றினும் தோன்றாவிடினும், கண்டதைக் கண்டவாறே எழுதுதல் கடன்.