பல் மருத்துவத்தில் ஓர் இன்ஜினீயர்

ஹாஸ்டல் மெஸ்ஸில் எனக்கு எத்துப்பல் என்றுதான் பெயர். என் பேட்ச் நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பால்பல் விழுந்து முளைச்சா தானா சரியாயிடும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். ஆகவில்லை. போன வருடம் ஏழு வயது மகளின் வாயைப் பார்த்தால், மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கவலையில் புரட்டிய புத்தகங்களில் சந்தித்தவர்தான் எட்வர்ட் ஹார்ட்லி ஆங்கிள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 1855-ல் பிறந்தவர். 1878-ல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். நடுவில் ஆட்டுப்பண்ணை வைத்து, கடும் பனியில் நஷ்டப்பட்டு, மறுபடி பல்லுக்கே திரும்பினார். நல்லவேளை!

அவர் காலத்தில் பல்வரிசை திருத்துவது ஆளுக்கொரு கைவைத்தியம். ஆங்கிள் முதலில் ஓர் அளவுகோல் கேட்டார். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லை ஆதாரப்புள்ளியாக வைத்து, மேலும் கீழும் எப்படிப் பொருந்துகின்றன என்று 1899-ல் மூன்று வகையாகப் பிரித்தார். இன்றும் மாணவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். 1900-ல் செயின்ட் லூயிஸில் இந்தத் துறைக்கென்றே பள்ளி தொடங்கினார். கோளாறு தெரிந்ததும், பிள்ளை வளரும்போதே திருத்த வேண்டும் என்பது அவர் கட்சி.

பல் என்பது கான்கிரீட்டில் நட்ட தூண் அல்ல. மெல்ல அழுத்தினால் ஒரு பக்கம் எலும்பு கரையும், மறுபக்கம் புதிதாக வளரும். 1920-களில் அவர் கொண்டுவந்த அமைப்பில் 0.022-க்கு 0.028 அங்குலத்தில் ஒரு செவ்வகப் பள்ளம்; அதில் செவ்வகக் கம்பி. உருண்டைக் கம்பி பள்ளத்துக்குள் சுழன்றுவிடும். இது சுழலாது, பல்லின் வேரையே சாய்க்கலாம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதற்கு மேல் சொல்லணுமா?

ஆனால் மனுஷர் பிடிவாதக்காரர். எந்தப் பல்லையும் பிடுங்கக் கூடாது என்பதை வேதமாக்கினார். 1930-ல் அவர் மறைந்த பிறகு, அவரிடமே பயின்ற சார்லஸ் ட்வீட், தான் அப்படிச் சிகிச்சை செய்தவர்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தார். பலருக்கு முன்பற்கள் துருத்தியிருந்தன. தேவைப்பட்டவர்களுக்குப் பல் எடுத்து, குருவின் அதே கருவியாலேயே திருத்தினார். குருவின் கருவி நின்றது, விதி நிற்கவில்லை. கல்லூரியில் இருக்கும் தம்பி தங்கைகளே, நாம் கட்டியதை நாமே திரும்பப் போய் அளந்து பார்க்கும் துணிவும் நம் தொழிலில் சேர்த்திதான்.

இன்று அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டச் சொல்கிறது. காட்டுவதற்குத்தான், எல்லாருக்கும் உடனே கம்பி போட அல்ல. பல பிள்ளைகளுக்குக் காத்திருக்கலாம். உள்ளே மாட்டிய பல், விடாத விரல் சூப்பல் போன்றவற்றைத்தான் தள்ளிப்போடக் கூடாது.

மகளுக்குச் சில மாதம், கழற்றி மாட்டும் சின்ன பிளேட் ஒன்று போதுமாயிற்று. பல் வெளியே வந்துவிட்டது. அவளுக்கு ஹாஸ்டலில் வேறு ஏதாவது பட்டப்பெயர்தான் வைக்கணும்!