பிறையைப் பார்க்கும் சமூகமும் நிலவைக் கணக்கிட்ட பாதிரியாரும்

ஒவ்வொரு ரமழானிலும் தலைப்பிறை பற்றிப் பேசுகிறோம். ஆனால் அந்தப் பிறை எந்த விதிப்படி நகர்கிறது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால், பெரும்பாலும் மௌனமே பதில். இதே யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிலவின் இயக்கத்தைத் தன் மாணவர்களுக்குக் கணக்காகவே காட்டிய ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் நம் மார்க்கத்தவர் அல்ல. ஆனாலும் அவரை நாம் அறிந்திருக்க வேண்டும்.

டானியல் பூர் 1789 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, இறையியல் கற்று, 1815 இல் கப்பலேறினார். 1816 இல் இலங்கை வந்து தெல்லிப்பளையில் குடியேறினார். தமிழைக் கற்று அதிலேயே பிரசங்கிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியபோது அதன் முதல் அதிபரானார். ஆங்கிலம், தமிழ், யூக்கிளிட்டின் கேத்திரகணிதம், இயற்கைத் தத்துவம், வானியல் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. இயற்கைத் தத்துவம் என்று அன்று சொன்னதைத்தான் இன்று பௌதிகவியல் என்கிறோம். விசையும் இயக்கமும் அதன் முதற் பாடம்.

1829 மார்ச் 20 ஆம் திகதி ஒரு பகுதிச் சந்திர கிரகணம் நிகழ இருந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் அதற்கு நேரம் குறித்திருந்தது. பூர் தாமும் கணக்கிட்டுப் பார்த்தார். தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், நிலவு மறையும் அளவு மூன்றிலும் வேறு விடை வந்தது. அதை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்தார். கிரகணம் அவர் கணக்கின்படியே நிகழ்ந்தது.

சாஸ்திரியார் குருட்டு நம்பிக்கையில் எழுதியவர் அல்லர் என்பதை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவரும் கணித்தவர்தான். ஆனால் அவர் மரபு கையாண்ட அடிப்படை எண்கள் பல நூற்றாண்டுகள் பழையவை. சிறு பிழையும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தால் நிமிடங்களாகப் பெருகும். பூரின் கையிலிருந்த ஐரோப்பிய அட்டவணைகளோ நியூற்றனின் விதிகளின் மேல் எழுந்தவை. புதிய அவதானிப்புகளால் திருத்தப்பட்டுக்கொண்டே வந்தவை.

அந்த விதிகள் என்ன சொல்கின்றன? புறவிசை தாக்காத பொருள் ஓய்விலேயே இருக்கும், அல்லது நேர்கோட்டில் மாறா வேகத்தில் செல்லும். இது முதல் விதி. விசை தாக்கினால் ஆர்முடுகல் உண்டாகும். அது விசைக்கு நேர்விகித சமன், திணிவுக்கு நேர்மாறு. இது இரண்டாவது. நிலவு செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. பூமி இழுக்காவிட்டால் அது நேரே சென்றுவிடும். பூமி இழுப்பதால் நேர்கோட்டிலிருந்து விலகி நம்மை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது.

எவ்வளவு விழுகிறது? நம் வளவில் பனம்பழம் ஒன்று மரத்திலிருந்து விழும்போது முதல் செக்கனில் ஏறத்தாழ 4.9 மீற்றர் இறங்கும். பூமியின் மையத்திலிருந்து நிலவு இருப்பது பனம்பழத்தைப் போல் 60 மடங்கு தொலைவில். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்புக் குறைவதால் 4.9 மீற்றரை 3600 ஆல் வகுக்க வேண்டும். வருவது ஏறத்தாழ 1.4 மில்லிமீற்றர். நிலவு ஒவ்வொரு செக்கனும் அவ்வளவுதான் விழுகிறது. பனம்பழத்துக்கும் பிறைக்கும் ஒரே சட்டம். சாதாரண தரப் பிள்ளைக்கு இந்த ஒரு கணக்கைச் செய்து காட்டினால், சூத்திரத்தை மனனம் செய்ய வைக்கும் பத்துப் பாடங்களை விட அது நிலைக்கும்.

பூரின் நோக்கம் மதமாற்றம். கிரகணக் கணக்கையும் அவர் அதற்கான கருவியாகவே பயன்படுத்தினார். ஆனால் மாணவர்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அறிவை. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியின் மாணவர்களே. மதம் மாறுவோரை விட உத்தியோகம் தேடுவோரே அதிகம் உருவாகிறார்கள் என்ற மனக்குறை மிஷனுக்கு இருந்தது. 1855 இல் செமினரி மூடப்பட்டது. இடையில் சில ஆண்டுகள் மதுரையில் பணியாற்றித் திரும்பியிருந்த பூர், அதே ஆண்டு பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார்.

நமக்கு இதில் பாடம் உண்டு. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினார்கள். நபியவர்கள் அதை உடனே மறுத்தார்கள்; எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, அது அல்லாஹ்வின் அத்தாட்சி என்று விளக்கித் தொழுகையின் பக்கம் அழைத்தார்கள். அந்தப் பாதையில் வந்த அல்பிரூனி, 997 இல் ஒரே சந்திர கிரகணத்தைத் தாம் காத் நகரிலும் அபுல் வஃபா பக்தாதிலும் பார்த்து, அந்த நேர வேறுபாட்டால் இரு நகரங்களின் தீர்க்காம்ச வேறுபாட்டைக் கண்டார். பூர் யாழ்ப்பாணத்துக்கு வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது. பரம்பரை நம்முடையது, இன்று பழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சமூகம் திரும்பி வந்து பாடசாலைகளை மீண்டும் கட்டியெழுப்பிக்கொண்டிருக்கிறது. கட்டடம் வேண்டும், தளபாடம் வேண்டும் என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். கூடவே ஒன்றையும் கேட்போம். அடுத்த சந்திர கிரகணத்தின்போது நம் பள்ளிவாசல்களில் தொழுகை நடக்கட்டும். தொழுகை முடிந்ததும் விஞ்ஞான ஆசிரியர் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துச் செல்லட்டும். அறிவிக்கப்பட்ட நேரத்தையும் கண்ணால் கண்ட நேரத்தையும் அவர்கள் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதட்டும். செலவு ஒன்றுமில்லை, ஒரு கடிகாரமும் ஒரு பென்சிலும் போதும்.