சிக்கனப் பாதை கண்ட வால்டர் ஹோமன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

வானத்தை அண்ணாந்து பார்த்துப் பாடியவர் பலர். அளந்து பார்த்தவர் சிலர். அங்கே போய்வர எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டவர் மிகச் சிலரே! அந்த மிகச் சிலரின் முன்வரிசையில் நிற்பவர் ஜெர்மானியப் பொறியாளர் வால்டர் ஹோமன். ஒரு கோளிலிருந்து மற்றொரு கோளுக்கு மிகக் குறைந்த எரிபொருளில் செல்லும் பாதையை 1925ஆம் ஆண்டிலேயே வகுத்துத் தந்தவர் அவர். விண்வெளி நூல்கள் அதனை இன்றும் ஹோமன் பாதை என்றே அழைக்கின்றன. அவருடைய வாழ்வு நம்மைப் போன்ற மாணவர் அறிய வேண்டிய ஒன்று.

பிறப்பும் பணியும்

1880ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் ஜெர்மனியில் ஹார்ட்ஹைம் என்னும் சிற்றூரில் ஹோமன் பிறந்தார். தந்தையார் மருத்துவர். இளமையின் ஒரு பகுதி தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரில் கழிந்தது. பின்னர் மியூனிச் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்று 1904இல் தேர்ச்சி பெற்றார். வியன்னா, ஹனோவர், பிரெஸ்லாவ் எனப் பல நகரங்களில் பணியாற்றி, நிலக்கரிக்கும் இரும்புக்கும் பெயர்பெற்ற எஸ்ஸன் நகரில் நகராட்சிப் பொறியாளராக அமர்ந்தார்.

அவருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது; ராக்கெட் கிடையாது. பகலெல்லாம் நகரத்துக் கட்டடங்களே அவர் வேலை. ஓய்வு நேரத்தில் தாளும் பென்சிலும் அவர் துணை. 1912ஆம் ஆண்டளவில் கோள்களுக்கிடையே பயணம் செய்யும் கணக்கில் அவர் மனம் சென்றது. ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறந்து அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் அவருடைய துணிவு விளங்கும்.

கட்டுச்சோற்றுச் சிக்கல்

ராக்கெட் பயணத்தின் பெரிய தொல்லை எரிபொருள்தான். வழியில் வாங்கிக்கொள்ள இடமில்லை. புறப்படும்போதே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். அந்தச் சுமையைத் தூக்க மேலும் எரிபொருள் தேவை. அதையும் தூக்க இன்னும் கொஞ்சம்! கட்டுச்சோறே வண்டிக்குப் பெரும்பாரமாகிவிடும் நிலை இது. ஆகவே, விரைவாகப் போவது எப்படி என்று ஹோமன் கேட்கவில்லை; சிக்கனமாகப் போவது எப்படி என்று கேட்டார்.

செவ்வாயை நோக்கி நேர்கோட்டில் பாய்வது வீண்செலவு. ஏனெனில் பூமி சும்மா நிற்கவில்லை. கதிரவனைச் சுற்றி நொடிக்கு 29.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து புறப்படும் கலத்துக்கும் அந்த வேகம் சீதனமாகவே கிடைத்துவிடுகிறது. எங்கள் சோழவந்தானில் வைகை பெருகி ஓடும்போது, நீந்தத் தெரிந்தவர்கள் நேர் எதிர்க்கரையைக் குறிவைக்க மாட்டார்கள். ஓட்டத்தோடு சாய்ந்து நீந்திச் சற்றுக் கீழே கரையேறுவார்கள். ஹோமன் சொன்னதும் அதுவே.

பூமி ஓடும் திசையிலேயே கலத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 2.9 கிலோமீட்டர் வேகம் கூட்டினால் போதும். அது ஒரு நீள்வட்டத்தில் செல்லத் தொடங்கும். அந்த நீள்வட்டம் ஒரு முனையில் பூமியின் பாதையையும், எதிர்முனையில் செவ்வாயின் பாதையையும் தொட்டு நிற்கும். அங்கே சென்று சேரும்போது கலத்தின் வேகம் 21.5 கிலோமீட்டர், செவ்வாயின் வேகம் 24.1. அந்த வேறுபாட்டை ஈடுசெய்ய மீண்டும் ஒருமுறை எஞ்சினை இயக்க வேண்டும். இரண்டே இரண்டு இயக்கங்கள்! இடைப்பட்ட காலமெல்லாம் எஞ்சின் உறங்கலாம்; கதிரவனின் ஈர்ப்பே கலத்தை இழுத்துச் செல்லும்.

பயணத்துக்கு எத்தனை நாள்? நம் வகுப்பில் படிக்கும் கெப்ளரின் மூன்றாம் விதியே விடை தருகிறது. நானே போட்டுப் பார்த்தேன். கதிரவனிலிருந்து பூமியின் தொலைவை 1 என்றால் செவ்வாயின் தொலைவு 1.524. இரண்டின் சராசரி 1.262. அதன் மும்மடி 2.01, அதன் வர்க்கமூலம் 1.418 ஆண்டு. நாம் போவது பாதிச் சுற்று. எனவே 0.709 ஆண்டு, அதாவது 259 நாட்கள். நோட்டுப் புத்தகத்தில் நான்கே வரி!

காலம் அறிதல்

ஆனால் நினைத்த நாளில் புறப்பட முடியாது. கலம் போய்ச் சேரும் நாளில் செவ்வாயும் அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும். அதற்குப் புறப்படும் நாளில் செவ்வாய் பூமிக்கு 44 பாகை முன்னால் இருக்க வேண்டும். இந்த அமைப்பு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறையே வாய்க்கும். கால்வாய்ப் பாசனத்தில் முறைத் தண்ணீரைத் தவறவிட்டவன் அடுத்த முறைக்குக் காத்திருப்பது போலத்தான்.

இன்று இதனை விளையாட்டாகவும் கற்கலாம். 2011இல் வெளிவந்த கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்னும் கணினி விளையாட்டில், டூனா என்னும் செந்நிறக் கோளுக்குக் கலம் அனுப்ப வேண்டும். வகுப்புத் தோழர் ஒருவரின் மடிக்கணினியில் நானும் விளையாடியிருக்கிறேன். அங்கும் அதே 44 பாகைதான்! அவசரக்காரரின் கலம் எரிபொருள் தீர்ந்து நடுவானில் அலையும். காத்திருந்தவரின் கலம் போய்ச் சேரும்.

நூலும் முடிவும்

1925இல் மியூனிச் நகரில் ஹோமனின் நூல் அச்சேறியது. விண்பொருள்களை எட்டுதல் இயலும் என்பதே அதன் பொருள். திரவ எரிபொருளில் இயங்கிய உலகின் முதல் ராக்கெட்டை அமெரிக்காவில் காடார்ட் ஏவியது அதற்கு அடுத்த ஆண்டில். அதுவும் இரண்டரை நொடிக்குள் தரையில் விழுந்தது. வண்டி பிறக்குமுன்பே வழியை அமைத்துவிட்டார் ஹோமன்!

1927இல் தோன்றிய ஜெர்மன் விண்வெளிப் பயணச் சங்கத்தில் அவரும் இணைந்து உழைத்தார். பின்னர் ஜெர்மனியின் ராக்கெட் கலை போர்க்கருவிக் கலையாக மாறிற்று. சங்கத்தில் இருந்தோர் சிலர் அப்பக்கம் சென்றனர், ஹோமன் செல்லவில்லை. கோள்களுக்கு வழி கண்ட கணக்கை ஊர்களை அழிக்கத் தர அவர் விரும்பவில்லை. ஆனால் போர் அவரை விட்டுவிடவில்லை. 1945 மார்ச் 11ஆம் நாள் எஸ்ஸன் நகர்மீது பெருங்குண்டுவீச்சு நடந்தது. அன்றே, அதன் அதிர்ச்சியில், மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. 65ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரமே இருந்தது. தம் பாதையில் ஒரு கலம்கூடச் சென்றதை அவர் காணவில்லை.

மங்கள்யான்

ஹோமன் கண்ட வழி நம் நாட்டுக்கும் பயன்பட்டது. 2013 நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் புறப்பட்டது. திட்ட இயக்குநர் திருநெல்வேலி மாவட்டத்தவரான சுப்பையா அருணன். அதன் மேல்நிலைப் பொறுப்பை வகித்தவர் பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. ஏவிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்குக் கலத்தை நேரே செவ்வாய்ப் பாதையில் தள்ளிவிடும் வலிமை இல்லை. 1,337 கிலோ எடையில் 852 கிலோ எரிபொருளே! எனவே பூமியைச் சுற்றச் சுற்ற, அதனை நெருங்கும் வேளைகளில் எஞ்சினை இயக்கிப் பாதையைப் படிப்படியாக நீட்டினர். நவம்பர் 11இல் எதிர்பார்த்த உயரம் கிட்டவில்லை. மறுநாளே அதைச் சரிசெய்தனர். டிசம்பர் 1 நள்ளிரவு கடந்து கலம் செவ்வாயை நோக்கித் திரும்பியது.

ஏறத்தாழ 300 நாள் பயணம். கோள்களின் பாதைகள் சரியான வட்டங்களல்ல; ஒரே தளத்திலும் இல்லை. அதனால்தான் ஹோமனின் 259 நாட்களிலிருந்து இந்த வேறுபாடு. 2014 செப்டம்பர் 24இல் உறங்கிய எஞ்சின் விழித்து 24 நிமிடம் எரிந்தது. முதல் முயற்சியிலேயே இந்தியா செவ்வாயைச் சுற்றியது! செலவு ஏறத்தாழ 450 கோடி ரூபாய். 2022இல் தொடர்பு அறும்வரை அக்கலம் அங்கே சுற்றிப் பணியாற்றியது.

நாம் கொள்ளத் தக்கது

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்ப்பவர். இக்கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர் உண்டு. நமக்கு வழிச்செலவு குறைவு. வசதி படைத்தோரைப் போல நேர்கோட்டில் பாய நம்மிடம் எரிபொருள் இல்லை. ஆனால் எரிபொருள் குறைந்தவனுக்கு அறிவே எரிபொருள் என்று ஹோமனின் வாழ்வு சொல்கிறது. எந்தத் திசையில் உலகம் ஓடுகிறது, எப்போது புறப்பட வேண்டும் என்று கணக்கிட்டவனுக்குச் சிறிய ராக்கெட்டே போதும். நீண்ட பாதை தாழ்ந்த பாதை அன்று. காத்திருத்தல் சோம்பலும் அன்று.

நிலாவில் ஒரு பெரும்பள்ளத்துக்கு ஹோமனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதனினும் பெரிய நினைவுச் சின்னம், கோள்களுக்குச் செல்லும் கலங்களைத் திட்டமிடுவோர் இன்றும் முதலில் போடும் அந்தக் கணக்கே. நண்பர்களே, அக்கணக்கை ஒருமுறை நாமும் போட்டுப் பார்ப்போம்!