ஸர் திருவாரூர் முத்துசாமி ஐயர்

அரக்கோணத்தினின்று வழக்கின் நிமித்தம் சென்னைக்கு ரயிலேறிச் செல்லும் நம் சங்கத்து அன்பர்களிற் சிலர், அங்கே உயர்நீதிமன்றத்தினுள் அமைந்துள்ள ஒரு சலவைக்கல் உருவத்தைக் கண்டிருத்தல் கூடும். அம்மன்றத்தில் நீதிபதியாய் வீற்றிருந்த முதல் இந்தியராகிய ஸர் திருவாரூர் முத்துசாமி ஐயர் அவர்களின் உருவமே அது. அப்பெரியாரது சரிதத்தை நம் இல்லத்துச் சிறாரும் அறியுமாறு ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1832ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தஞ்சை ஜில்லா உச்சுவாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமை வருத்தவே, படிக்கவேண்டிய பருவத்தில் கிராமக் கணக்கரிடம் மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்திற்கு அமர்ந்தார். சின்னாளில் அன்னையும் மறைந்தனர்.

இந்நிலையில் இவருக்குக் கைகொடுத்தவர் திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் ஆவர். ஒருகால் வெள்ளத்தால் கரை உடைந்த செய்தி வந்தபொழுது, கச்சேரியில் வேறொருவரும் இல்லாமையால் இச்சிறுவர் அனுப்பப்பட்டார். இவர் நேரிற் சென்று கண்டு, சேதத்தின் அளவையெல்லாம் பிழையின்றிக் குறித்துவந்து கூறினார். தாசில்தார் அதனைச் சோதித்து மெய்யென உணர்ந்து வியந்தார். அவ்வளவில் நில்லாது இவரை நாகப்பட்டினத்துப் பள்ளிக்கும், பின்னர்ச் சென்னை உயர்தரக் கல்விச்சாலைக்கும் அனுப்பிவைத்தார். அங்கே பவல் துரையிடம் பயின்ற இவர், 1854ஆம் ஆண்டில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய்ப் பரிசு பெற்றார்.

பின்பு உபாத்தியாயர், கல்வி இலாகா அதிகாரி, ஜில்லா முனிசீப்பு, சப் ஜட்ஜி எனப் படிப்படியாக உயர்ந்தார். உத்தியோகத்திலிருந்துகொண்டே சட்டம் பயின்று பி.எல். பட்டமும் பெற்றார். 1871இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார்.

உயர்நீதிமன்றத்து ஆசனம் இவருக்கு அளிக்கப்பட்டபொழுது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதனைப் பொறாது இழித்து எழுதின. மறுமொழி கூற இந்தியர் கையில் தக்க பத்திரிகை இல்லாமை கண்டு, இளைஞர் அறுவர் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் 80 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டனர். அதுவே இன்றும் நடைபெறும் 'தி இந்து' பத்திரிகை. ஐயரோ, வசைக்குத் தம் தீர்ப்புக்களின் தெளிவாலேயே விடையிறுத்தார். 1893ஆம் ஆண்டில் சிலகாலம் தலைமை நீதிபதியின் ஆசனத்திலும் அமர்ந்தார்; அவ்வாண்டே ஸர் பட்டமும் பெற்றார். 1895 சனவரியில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அன்பர்களே! இச்சரிதத்தில் நாம் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. அநாதையாய் நின்ற அச்சிறுவரைக் கைதூக்கிவிட்ட தாசில்தார், அவர்தம் உறவினரல்லர், சாதியினருமல்லர். அறிவும் உண்மையும் கண்டவிடத்து, குலம் வினவாது கல்வியளித்தார். அவர் அன்று வினவியிருப்பரேல், நாடு ஒரு நீதிமானை இழந்திருக்கும். நம்மவர் நலம்பேணக் கூடிய சங்கத்தினராகிய நாம் இதனை மறத்தல் தகாது. நம் தெருவிலே கூலிக்கு நிற்கும் பிள்ளை எக்குலத்தவனாயினும், அவன் கையிற் புத்தகம் சேரும்படி செய்வோமாக. அதுவே அப்பெரியார் இருவர்க்கும் நாம் செய்யும் உண்மை வணக்கமாகும்.