இரவலர் கழுத்தில் செபமாலை

எம்மாவு வழியில் இரு சீடர்கள் உயிர்த்த ஆண்டவரோடு நெடுந்தூரம் நடந்தும் அவரை அறியவில்லை. அப்பத்தைப் பிட்டபோதே அறிந்துகொண்டனர் (லூக்கா 24). அதை வாசிக்கும்போதெல்லாம் புனித யோசேவ் வாஸ் அடிகளார் என் நினைவில் எழுகிறார்.

1651இல் கோவாவில் பிறந்த அவர், 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக் கரை சேர்ந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களுக்கு இடமில்லை. கத்தோலிக்கர் பல்லாண்டுகளாகத் திருப்பலியின்றி மறைவாகவே விசுவாசம் காத்துவந்தனர். யாழ்ப்பாணத்தில் கடும் நோயுற்றுத் தேறிய அடிகளார், கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். யாருடைய கண்கள் அம்மாலையில் நிலைக்கின்றன என்பதையே அவர் கவனித்தார். பலர் இரவலரை மட்டுமே கண்டனர். (ஆலய வாயிலில் கைநீட்டுவோரை நானும் அப்படிப் பாராமல் கடந்ததுண்டு.) மாலையை அறிந்தவர்களுக்குத் தம்மைக் குரு என வெளிப்படுத்தினார். அன்றுமுதல் இரவு வேளைகளில், அடைத்த கதவுகளுக்குள், அப்பம் மீண்டும் பிட்கப்பட்டது.

1689 கிறிஸ்து பிறப்பு இரவில் வழிபாட்டுக்குக் கூடியோரை ஒல்லாந்தர் சிறைபிடித்தனர். அடிகளாரோ தப்பி, 1690இல் நம் புத்தளத்திற்கு வந்தார். அந்நாளில் இத்துறை கண்டி மன்னருக்கு உரியது. ஒல்லாந்தரின் கை இங்கு எட்டவில்லை. கரையோரக் குடும்பங்களிடையே பணியாற்றியபின், 1692இல் கண்டி சென்றார். ஒற்றர் என்று ஐயுற்று அங்கே அவரைச் சிறையிட்டனர். பின்னர் அதே நகரில், அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்டோரைத் தேடிச்சென்று பேணினார். பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவேயில்லை. 1711 சனவரி 16இல் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார்.