பிரீட்ரிக் டிரெண்டெலென்பர்க்

பிரீட்ரிக் டிரெண்டெலென்பர்க் (மே 24, 1844 - டிசம்பர் 15, 1924) செருமானிய அறுவை மருத்துவர் ஆவார். தலை தாழ்ந்தும் இடுப்பு உயர்ந்தும் இருக்குமாறு நோயாளியைக் கிடத்தும் முறை இவர் பெயரால் டிரெண்டெலென்பர்க் கிடைநிலை என்று அழைக்கப்படுகிறது. பெரும்பாலோர் இவரை அறிவது இதனால்தான். எனினும் காலில் தோன்றும் சுருள்சிரை நோய்க்கான காரணத்தை விளக்கி, அதற்கு அறுவை மருத்துவம் வகுத்ததே இவரது பணிகளுள் இன்றளவும் பயன் தருவது எனலாம். லேசர், ரேடியோ அலைக் கருவிகளைக் கொண்டு சிரையை உள்ளிருந்தே அடைக்கும் தற்கால மருத்துவமும் இவர் கைக்கொண்ட கருத்தின் மீதே நிற்கிறது.

இளமையும் கல்வியும்

டிரெண்டெலென்பர்க் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் பிரீட்ரிக் அடால்ஃப் டிரெண்டெலென்பர்க் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியர். அரிசுட்டாட்டிலைப் பற்றிய ஆய்வுகளுக்காகப் பெயர் பெற்றவர். மகன் இசுக்கொட்லாந்தின் கிளாசுகோ நகரில் உடற்கூற்றியல் கற்றுப் பின்னர் பெர்லினில் மருத்துவம் பயின்றார். 1866 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டத்திற்காக அவர் இலத்தீன் மொழியில் எழுதிய ஆய்வேடு பண்டைய இந்தியர்களின் அறுவை மருத்துவத்தைப் பற்றியது. சுசுருதர் முதலானோரின் மரபு ஐரோப்பிய மருத்துவர்களுக்கு அறிமுகமாகி வந்த காலம் அது. பிற்காலத்தில் அவர் இத்துறையில் தொடர்ந்து எழுதவில்லை என்றாலும், மருத்துவ வரலாற்றில் கொண்ட ஈடுபாடு இறுதிவரை நீடித்தது. செருமானிய அறுவை மருத்துவக் கழகத்தின் முதல் 25 ஆண்டுகளின் வரலாற்றை 1923 இல் நூலாக வெளியிட்டார்.

மருத்துவப் பணி

புகழ்பெற்ற அறுவை மருத்துவரான பெர்னார்டு ஃபொன் லாங்கன்பெக்கிடம் 1868 முதல் 1874 வரை உதவியாளராக இருந்தார். 1871 இல், தொண்டையைத் துளைத்து மூச்சுக்குழாயினுள் செருகும் குழாய் ஒன்றை விவரித்தார். அதைச் சுற்றிக் காற்றடைத்த இரப்பர்ப் பை இருந்தமையால், வாயிலும் தொண்டையிலும் அறுவை செய்யும்போது குருதி நுரையீரலுக்குள் இறங்குவது தடுக்கப்பட்டது. இன்று மயக்க மருத்துவத்தில் பயன்படும் காற்றுப்பை கொண்ட மூச்சுக்குழாய்க் குழாய்களுக்கு இது ஒரு முன்னோடி.

ரொசுட்டாக் (1875), பான் (1882), லைப்சிக் (1895) ஆகிய பல்கலைக்கழகங்களில் அடுத்தடுத்துப் பேராசிரியராக இருந்து 1911 இல் ஓய்வு பெற்றார். சிறுநீர்ப்பை, இடுப்புக்குழி ஆகியவற்றில் அறுவை செய்யும்போது குடல்கள் மேல்நோக்கி விலகிக் கண்ணுக்குத் தெளிவான இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அவர் தலைதாழ்ந்த கிடைநிலையைக் கையாண்டார். அவரது மாணவர் வில்லி மேயர் 1885 இல் இதை வெளியுலகுக்கு அறிவித்தார். முதல் உலகப் போரின்போது இம்முறை அதிர்ச்சி நிலையிலுள்ளோருக்கும் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. அதனால் பயன் உண்டா என்பது பின்னர் ஐயத்துக்குள்ளானது. ஆனால் அது டிரெண்டெலென்பர்க் கூறிய பயன்பாடு அன்று.

சுருள்சிரை ஆய்வு

காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் குருதி, புவியீர்ப்புக்கு எதிராக மேலேற வேண்டும். ஏறிய குருதி கீழிறங்காதபடி சிரைகளினுள்ளே சிறு தடுக்கிதழ்கள் உள்ளன. கணுக்காலின் உட்புறத்திலிருந்து கவட்டை வரை தோலுக்கடியில் செல்லும் பெரிய சஃபீனசுச் சிரையில் இவ்விதழ்கள் பழுதடைந்தால், குருதி மேலிருந்து கீழே வழிந்து தேங்குகிறது. சிரைகள் புடைத்துச் சுருள்கின்றன. நாளடைவில் கணுக்கால் அருகே ஆறாப் புண்ணும் உண்டாகலாம்.

இப்பின்னோட்டத்தைக் கண்டறிய அவர் செய்த சோதனை எளிமையானது. நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்திச் சிரைகளை வெறுமையாக்கி, தொடையில் சஃபீனசுச் சிரையை விரலால் அழுத்தியவாறே எழுந்து நிற்கச் செய்வார். விரலை எடுத்தவுடன் சிரை மேலிருந்து விரைந்து நிரம்பினால் இதழ்கள் பழுதுற்றுள்ளன என்பது பொருள். இங்கிலாந்தின் பெஞ்சமின் பிராடி இதைப் போன்ற சோதனையை முன்னரே விவரித்திருந்தார் என்பதால் இருவர் பெயரையும் சேர்த்து வழங்குவதும் உண்டு.

கீழிறங்கும் குருதி ஆழ்சிரைகள் வழியே மீண்டும் மேலேறி, மறுபடியும் சஃபீனசில் வழிகிறது; அது காலுக்குள்ளேயே வீணாகச் சுற்றுகிறது என்று அவர் விளக்கினார். அவ்வாறாயின் புடைத்த சிரைகளை எல்லாம் வெட்டி எடுக்க வேண்டியதில்லை, சுற்றை ஓரிடத்தில் துண்டித்தால் போதும். ஆகவே தொடையில் சிறு கீறல் இட்டுச் சஃபீனசுச் சிரையைக் கட்டினார். இம்முறையை 1890-91 இல் வெளியிட்டார். சுருள்சிரைகளுக்கு நீண்ட, கடுமையான அறுவைகள் நடந்துவந்த காலத்தில் இது துணிவான சிக்கனம்.

குறையும் இருந்தது. அவர் சிரையைக் கட்டிய இடத்துக்கு மேலே கவட்டைப் பகுதியில் கிளைச் சிரைகள் பல சேர்கின்றன. அவற்றின் வழியே குருதி வேறு பாதை கண்டுபிடிக்க, சிலருக்கு நோய் திரும்பியது. பின்வந்தோர் சிரையைக் கவட்டையிலேயே கட்டினர். கெல்லர் (1905), மேயோ (1906), பாப்காக் (1907) ஆகிய அமெரிக்கர்கள் சிரையை முழுவதுமாக உருவி எடுக்கும் கருவிகளை அமைத்தனர். சிறு கீறலில் தொடங்கிய மருத்துவம் இவ்வாறு மீண்டும் பெரிய அறுவையாயிற்று.

தற்காலக் கருவிகள்

ஐக்கிய அமெரிக்காவில் 1999 இல் ரேடியோ அலைக் கதீட்டருக்கும் 2002 இல் லேசர் இழைக்கும் ஒப்புதல் கிடைத்த பின்னர் நிலை மாறியது. மீயொலிப் படத்தின் துணையுடன் ஊசித்துளை வழியாக மெல்லிய கதீட்டர் சஃபீனசுச் சிரையினுள் கவட்டைக்கு அருகில் வரை செலுத்தப்படுகிறது. சிரையைச் சுற்றி உணர்விழப்பு மருந்து கலந்த நீர்மம் செலுத்தப்படும். இது வலியைப் போக்குவதோடு சுற்றுத் திசுக்களை வெப்பத்திலிருந்தும் காக்கிறது. பரவலாகப் பயன்படும் ரேடியோ அலைக் கதீட்டர் ஒன்றின் முனை 120 பாகை செல்சியசு வரை சூடாகி, 7 செ.மீ. நீளப் பகுதியை 20 நொடிகளில் சுருக்கி அடைக்கிறது. பின்பு முனை சற்றே கீழிழுக்கப்பட்டு அடுத்த பகுதி சூடாக்கப்படும். 2015 இல் ஒப்புதல் பெற்ற ஒரு முறையில் வெப்பத்திற்குப் பதில் பசை பயன்படுகிறது. இங்கிலாந்தின் 2013 ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டல், அறுவைக்கு முன்னதாக வெப்பமுறையையே பரிந்துரைத்தது.

சிரையை அகற்றாமல் அதன் ஓட்டத்தை அடைப்பதே இவற்றின் நோக்கம். விரல் செய்த சோதனையை மீயொலியும், நூல் செய்த வேலையை வெப்பமும் ஏற்றுக்கொண்டன.

நுரையீரல் தக்கை அறுவையும் மறைவும்

கால் சிரைகளில் உறையும் குருதிக்கட்டி நகர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிர் போகலாம். அக்கட்டியை மார்பைத் திறந்து அகற்ற முடியும் என்று டிரெண்டெலென்பர்க் எண்ணினார். கன்றுகளில் சோதித்த பின் 1908 இல் மனிதர்களுக்கு அவர் செய்த அறுவையை விவரித்தார். குருதியோட்டத்தைச் சில நிமிடங்களே நிறுத்த முடியும் என்பதால் எல்லாம் மிக விரைவாக முடிய வேண்டியிருந்தது. அவர் அறுவை செய்தவர்களில் ஒருவரும் நிலையாகப் பிழைக்கவில்லை.

இவருடைய மகன்களுள் வில்கெல்ம் உடலியங்கியலாளராகவும் பவுல் மருந்தியலாளராகவும் விளங்கினர். இளமைக்கால நினைவுகளைக் கூறும் இவரது நூல் 1924 இல் வெளிவந்தது. அவ்வாண்டு மார்ச்சில், கோனிக்சுபெர்க் நகரில் மார்ட்டின் கிர்சுனர் அதே அறுவையைச் செய்து ஒரு பெண் நோயாளியைப் பிழைக்க வைத்தார். தாடைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த டிரெண்டெலென்பர்க் டிசம்பரில் பெர்லினின் நிக்கோலாசுசேயில் காலமானார்.